தெல்லபண்டையா, வெள்ளைப்பாறையா

கல்யாணமாகி நகரிப் பக்கம் வந்தபோது எனக்குப் பத்தொன்பது வயது. பிறந்த ஊர் திருத்தணிக்குக் கிழக்கே சமவெளியில் இருந்தது. மலை என்றால் கோயில் மலை, அதற்குப் படி உண்டு, ஏறினால் சாமி இருப்பார், அவ்வளவுதான் எனக்குத் தெரியும். வாழ வந்த வீட்டின் பின்கதவைத் திறந்தால் எதிரே மலைதான். அதற்குப் படியும் இல்லை, முடிவும் இல்லை.

என் கணவருக்கு மூன்று ஏக்கர் வேர்க்கடலை நிலமும் ஒரு நாட்டுத் துப்பாக்கியும் இருந்தன. கடலை காய் பிடிக்கிற சமயத்தில் காட்டுப்பன்றிகள் இறங்கி வந்து பாதி நிலத்தை உழுதுபோட்டுவிட்டுப் போய்விடும். பயிரைக் காக்க என்று சித்தூரில் மனு எழுதிக் கொடுத்து துப்பாக்கிக்கு லைசென்ஸ் வாங்கியிருந்தார். ஆனால் பயிர் இல்லாத மாதங்களிலும் அவர் மலைக்குப் போவார். முயல், கௌதாரி, கிடைத்தால் பன்றி. எப்போதும் தனியாகத்தான்.

“கூட யாரையாவது இட்டுக்கினு போனா இன்னா?” என்று வந்த புதிதில் கேட்டேன்.

“நாலு பேரு போனா நாலு பேரும் பேசுவான். பன்னிக்குக் காது கீது மே” என்றார்.

நான் வருவதற்கு முன்பு ஒருமுறை அவருடைய கால் இரண்டு பாறைகளுக்கு நடுவே மாட்டிக்கொண்டு, காலையிலிருந்து பொழுது சாயும்வரை அப்படியே நின்றிருக்கிறார். ஆடு மேய்க்கிறவர் யாரோ பார்த்து எடுத்துவிட்டாராம். அதிலிருந்து அவரே ஒரு வழக்கம் வைத்துக்கொண்டார். புறப்படும்போது போகிற இடத்தின் பெயரை வீட்டில் சொல்லிவிட்டுப் போவார். ஒரே ஒரு வார்த்தை. சூரியன் உச்சியைத் தாண்டியும் திரும்பவில்லை என்றால் அந்த வார்த்தையை அவருடைய அண்ணனிடம் சொல்ல வேண்டும். அதுவரை அதைக் கேட்டு வைத்துக்கொண்டது மாமியார். நான் வந்ததும் அந்த வேலை என்னிடம் வந்தது.

சுனை என்பார். மறுநாள் கோணை என்பார். இன்னொரு நாள் புளியமரத்துப் பள்ளம். நான் ‘உம்’ என்பேன். அந்த இடங்கள் எதையும் நான் பார்த்ததில்லை. தெரியாத ஆட்களின் பெயர்களை மனப்பாடம் செய்வது போலத்தான் இருந்தது.

இங்கே என் குணம் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். அப்போது எல்லை எந்தப் பக்கம் விழும் என்று ஊர் ஊராகப் பேச்சு. என் பிறந்த வீட்டில் என் அண்ணன் எல்லைப் போராட்டக் கூட்டங்களுக்குப் போனவன். எங்கள் வீட்டில் ஒரு தெலுங்கு வார்த்தை வாயில் வந்தால் சாப்பாட்டுத் தட்டை நகர்த்தி வைத்துவிடுவான். வாழ வந்த வீட்டிலோ இரண்டும் கலந்துதான் எல்லாரும் பேசினார்கள். ஒரு வாக்கியம் தமிழில் ஆரம்பித்துத் தெலுங்கில் முடியும். திருத்தணியை இங்கே சேர் என்று ஒரு காகிதம் வந்தது, அங்கே சேர் என்று ஒரு காகிதம் வந்தது. என் கணவர் இரண்டிலும் கையெழுத்துப் போட்டார்.

“இன்னாங்க இது, ரெண்டுலயும் போட்டிருக்கீங்க?”

“ரெண்டு பேரும் தெரிஞ்சவங்க. வூடு தேடி வந்து கேக்கிறாங்க. எப்படி இல்லன்றது?”

இரண்டு நாள் அவரோடு நான் பேசவில்லை. அதன் பிறகு எனக்கு ஒரு பிடிவாதம் வந்தது. வீட்டில் யார் எந்தத் தெலுங்கு வார்த்தையைச் சொன்னாலும் அதையே நான் தமிழில் திருப்பிச் சொல்வேன். மாமியார் ‘நீள்ளு’ என்றால் ‘தண்ணீரா அத்தை’ என்பேன். ‘பண்ட’ என்றால் ‘பாறையா’ என்பேன். அவர் சிரித்துவிட்டு, “ரெண்டும் ஒண்ணுதானே, எதையாவது சொல்லு” என்பார். நாளாக ஆக, திருப்பிச் சொல்வதுகூட இல்லை. காதில் தெலுங்காக விழுந்தாலும் மனசுக்குள் தமிழாகத்தான் போய் உட்கார்ந்தது.

பிறகு எல்லை முடிவாயிற்று. திருத்தணி மெட்ராஸ் பக்கம் போயிற்று. நகரி ஆந்திராவிலேயே நின்றது. என் தாய்வீடு ஒரு ராஜ்யம், நான் இருந்த வீடு ஒரு ராஜ்யம். எங்கள் வீட்டுக்குப் பின்னால் இருந்த மலைமேல்தான் கோடு போகிறது என்றார்கள். எங்கே என்று காட்டச் சொன்னால் ஆளுக்கு ஒரு பக்கம் கையை நீட்டினார்கள்.

அந்தக் காலையில் நான் அடுப்படியில் கூழ் கிண்டிக்கொண்டிருந்தேன். முந்தின நாள் அவர், “இனிமே உங்க அம்மா வூட்டுக்குப் போவணும்னா சர்க்கார்ல சீட்டு வாங்கிக்கினு போ” என்று கேலி செய்திருந்தார். அந்தக் கோபம் எனக்கு ஆறவில்லை. பின்கதவில் நின்று அவர் அந்த ஒரு வார்த்தையைச் சொன்னார். கூழைக் கிண்டியபடியே ‘உம்’ என்றேன். திரும்பிப் பார்க்கவில்லை. கதவு சாத்துகிற சத்தம் கேட்டது.

காலையில் நேரம் கொஞ்சம் ஏறியதும் மலையில் ஒரு வெடிச் சத்தம் கேட்டதாக எதிர்வீட்டுக்காரி சொன்னாள். அது வழக்கமான செய்திதான். அன்றைக்குக் குழம்புக்குக் கறி வரும் என்று மாமியார் மிளகாய் அரைத்து வைத்தார். சூரியன் உச்சிக்கு வந்தது, இறங்கியது. அவர் வரவில்லை. கோபத்தில் வேண்டுமென்றே நேரம் கடத்துகிறார் என்று நினைத்துக்கொண்டேன். அதனால் அவர் அண்ணனிடம் சொல்லப் போகாமல் இன்னும் கொஞ்சம் பார்த்தேன். எவ்வளவு நேரம் அப்படிப் பார்த்தேன் என்று இன்றைக்கும் எனக்குச் சரியாகத் தெரியவில்லை. ஒரு மணி நேரமாக இருக்கலாம், இரண்டாகவும் இருக்கலாம்.

அவர் அண்ணன் இரண்டு வீடு தள்ளி இருந்தார். நான் மாமா என்று கூப்பிடுவேன். அதிகம் பேசாத மனிதர்.

“எங்க போறன்னு சொல்லிட்டுப் போனான்?”

“வெள்ளப்பாறைன்னு சொன்னாரு மாமா.”

“இன்னா சட்ட போட்டுக்கினு போனான்?”

நான் முழித்தேன். காக்கியா, நீலமா? அவரிடம் இருந்ததே மூன்று சட்டைகள். கொடியில் எது இல்லை என்று பார்த்துச் சொல்லியிருக்கலாம். அது அப்போது தோன்றவில்லை. “பாக்கலை மாமா” என்றேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

“சண்ட கிண்ட ஏதாவதா?”

“இல்ல” என்றேன். அது சண்டை என்று சொல்லக்கூடியதா என்று எனக்கே தெரியவில்லை.

ஏழெட்டுப் பேர் ஏறினார்கள். வெள்ளைப்பாறை எங்கள் பக்கத்துச் சரிவில்தான் இருந்தது, முக்கால் மணி நேர ஏற்றம். அங்கே போய்க் கூப்பிட்டிருக்கிறார்கள், சுற்றியுள்ள புதர்களைத் தட்டிப் பார்த்திருக்கிறார்கள். இருட்டுவதற்குள் இறங்கி வந்துவிட்டார்கள். மறுநாள் விடியற்காலையில் மறுபடி ஒரு கூட்டம் போயிற்று. மாமா அவர்களோடு போகாமல் நகரி ஸ்டேஷனில் எழுதி வைக்கலாம் என்று கிளம்பினார். கடைசியாகப் பார்த்தது நான்தான் என்பதால் என்னையும் வரச் சொன்னார். மாமியாரும் வந்தார்.

ஸ்டேஷனில் இருந்த ரைட்டருக்குத் தமிழ் நன்றாகப் புரியும். ஆனால் எழுதுவது தெலுங்கில்.

“கொண்டக்கு இந்தப் பக்கமா, அந்தப் பக்கமா காணாம போனாரு? அந்தப் பக்கம்னா அது இப்ப மனதி காது, தெரியுதில்ல?” என்றார். கொண்ட என்றால் மலை, மனதி காது என்றால் நம்முடையது இல்லை.

“இந்தப் பக்கம்தான். வெள்ளப்பாறை” என்றேன்.

அவர் எழுதினார். எழுதி முடித்து, சரியா என்று கேட்பதற்காக வாசித்துக் காட்டினார். தெலுங்கில் ஓடிய அந்த வாசகத்தின் நடுவே ‘தெல்லபண்ட’ என்று வந்தது.

மாமா சட்டென்று கையை நீட்டினார். “தெல்லபண்ட இல்ல சார். வெள்ளப்பாற. அது வேற எடம், இது வேற எடம்.”

“தெல்ல அண்ட்டே வெள்ள, பண்ட அண்ட்டே பாறை. ரெண்டும் ஒக்கட்டே கதா?” என்றார் ரைட்டர்.

“வார்த்த ஒண்ணுதான் சார். எடம் ரெண்டு. வெள்ளப்பாற எங்க வூட்டுப் பக்கம். தெல்லபண்ட முகட்டத் தாண்டி, கட்டை வெட்டப் போற பக்கம்.”

பின்கதவில் நின்று அவர் சொன்னதை மனசுக்குள் மறுபடி கேட்டுப் பார்த்தேன். வெள்ளப்பாற என்று கேட்டது. இன்னொரு தடவை கேட்டேன். தெல்லபண்ட என்று கேட்டது. இரண்டும் அவர் குரலில்தான் கேட்டன. அடுப்பில் கூழ் கொதிக்கும் சத்தம்கூட இரண்டிலும் இருந்தது.

“மாமா, அவரு தெல்லபண்டைன்னு சொல்லியிருந்தாலும் சொல்லியிருப்பாரு” என்றேன்.

“இன்னாம்மா சொல்ற நீ?”

“எனக்குத் தெரியல. நான் தமிழ்லதான் ஞாபகம் வெச்சிக்கினேன்.”

மாமியார் என்னைப் பார்த்தார். திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

மாமா அங்கிருந்தே ஓடினார். மலையில் இருந்தவர்களைத் திருப்பி, முகட்டைத் தாண்டி தெல்லபண்டைக்குக் கூட்டிக்கொண்டு போகும்போது பிற்பகலாகிவிட்டது. அந்தப் பாறையில் ஒன்றும் இல்லை. அதற்குக் கீழே ஓர் ஓடைப் பள்ளம். அதில் அவர் தலைக்குக் கட்டுகிற துண்டு கிடந்தது. கல்லில் ரத்தம் காய்ந்திருந்தது. ஆள் இல்லை, துப்பாக்கியும் இல்லை. அவர்கள் துண்டோடு திரும்பி வந்தார்கள். சிறுத்தை என்று யாரோ ஒருவர் வாயெடுத்தார். சிறுத்தை துப்பாக்கியையுமா தூக்கிக்கொண்டு போகும் என்று நான் கேட்டிருக்க வேண்டும். மனசில் அது வந்தது, வாயில் வரவில்லை. எனக்கு எது கேட்கத் தகுந்த கேள்வி, எது இல்லை என்பதே பிடிபடவில்லை.

மூன்றாம் நாள் காலை, திருத்தணி சந்தைக்குக் கறிவேப்பிலை கொண்டு போய் வருகிற அம்மாள் ஒருத்தி தெருமுனையில் நின்று சொன்னாள்.

“துப்பாக்கிக்கார ஆளு ஒருத்தரு உங்க ஊருதானா? தருமாஸ்பத்திரில கெடக்கிறாராம். ஆளு போச்சாம்.”

மாமியார் அங்கேயே உட்கார்ந்து மாரில் அடித்துக்கொண்டார். தெருப் பெண்கள் ஓடி வந்து என்னைச் சூழ்ந்தார்கள். நான் அழ வேண்டும் என்று எல்லாரும் காத்திருந்தார்கள். எனக்கு அழுகை வரவில்லை. இரண்டு வருஷம்கூட ஆகாத கல்யாணம். அவர் முகத்தை நினைத்துப் பார்க்க முயன்றேன், பின்கதவு சாத்தும் சத்தம்தான் வந்தது. அப்போது நான் செய்த காரியம் இன்று நினைத்தாலும் விளங்கவில்லை. உள்ளே போய்க் கொடியில் எந்தச் சட்டை இல்லை என்று பார்த்தேன். நீலம்.

மாமாவும் மாமியாரும் நானும் பஸ் ஏறினோம். வழி நெடுக மாமியார் அழுதுகொண்டே வந்தார். எல்லை எந்த இடத்தில் வந்தது, எந்த இடத்தில் போயிற்று என்று நான் கவனிக்கவில்லை. திருத்தணியில் இறங்கி ஆஸ்பத்திரி வாசலில் மாமா யாரையோ நிறுத்தி, “நகரி பக்கத்து ஆளு, துப்பாக்கி…” என்று ஆரம்பித்தார்.

“காலு போனவரா? உள்ள போய் ரெண்டாவது கட்டில்.”

மாமா நின்ற இடத்திலேயே நின்றார். “ஆளு இல்லியா? காலா?” என்று கேட்டார். அந்த மனிதருக்கு அவர் கேட்டது புரியவில்லை.

இரண்டாவது கட்டிலில் அவர் சாய்ந்து உட்கார்ந்து பன்னைப் பாலில் தோய்த்துத் தின்றுகொண்டிருந்தார். முழங்காலுக்குக் கீழே கட்டு. நீலச் சட்டையில் ஒரு கை கிழிந்திருந்தது. எங்களைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது, பிறகு கோபம் வந்தது.

“இன்னாமே, மூணு நாளா எல்லாரும் இன்னா பண்ணிக்கினு இருந்தீங்க?”

மாமியார் அவர் தலையைப் பிடித்துக்கொண்டு அழுதார். நான் கட்டில் ஓரத்தில் நின்றேன். எனக்குச் சிரிப்பு வந்துவிடும்போல இருந்தது. முந்தானையை வாயில் வைத்துக்கொண்டேன். அழுகிறாள் என்று நினைத்து யாரோ தண்ணீர் கொடுத்தார்கள்.

நடந்தது இதுதான். காலையில் ஒரு பன்றியைச் சுட்டிருக்கிறார். அடிபட்டது ஓட, பின்னாலேயே போய் ஓடைப் பள்ளத்தில் சறுக்கி விழுந்ததில் காலெலும்பு முறிந்துவிட்டது. மருந்துப் பை தண்ணீரில் விழுந்து நனைந்ததால் மறுபடி வெடி போட்டு ஆள் கூப்பிட முடியவில்லை. கத்திக் கத்தித் தொண்டை கட்டிப்போன பிறகு, துப்பாக்கியில் மருந்து இடிக்கிற இரும்புக் கம்பியால் பாறையைத் தட்டிக்கொண்டே இருந்திருக்கிறார். மறுநாள் விறகுக்கு வந்த அந்தப் பக்கத்துப் பெண்கள் நாலைந்து பேர் அந்தச் சத்தத்தைக் கேட்டு இறங்கி வந்திருக்கிறார்கள். விறகு கட்டக் கொண்டுவந்த கயிற்றில் தூளி கட்டி, முறை மாற்றி மாற்றித் தூக்கிக்கொண்டு போய், தங்கள் ஊரில் மாட்டு வண்டி பிடித்து ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டுப் போயிருக்கிறார்கள். துப்பாக்கியையும் விடாமல் எடுத்து வந்து ஆஸ்பத்திரிக்காரர்களிடம் ஒப்படைத்திருக்கிறார்கள். அவர்கள் யார், பெயர் என்ன என்று அவர் கேட்கவில்லை.

“நான் தெல்லபண்டன்னுதானே சொல்லிட்டு வந்தேன்? ஏன் யாரும் வரல?” என்றார்.

மாமியார் அழுகையை நிறுத்திவிட்டு என் பக்கம் திரும்பினார். “உன் பொண்டாட்டி வெள்ளப்பாறன்னு சொல்லி எல்லாரையும் எதிர்ப் பக்கம் அனுப்பிட்டா. உனுக்குத் தமிழ்ப் பைத்தியம் புடிச்சவளக் கட்டி வெச்சேன் பாரு.” அதுவரை வராத திட்டு எல்லாம் அங்கே வந்தது. பக்கத்துக் கட்டிலில் இருந்தவர்கள் எழுந்து உட்கார்ந்து கேட்டார்கள்.

அவர் பன்னைக் கீழே வைத்தார். என்னைப் பார்த்தார். “இல்லம்மா. வெள்ளப்பாறன்னுதான் சொன்னேன்போலக்கீது. பன்னி பின்னாடி முகட்டத் தாண்டிட்டேன். அவ மேல தப்பில்ல” என்றார்.

ஓடைப் பள்ளத்துக்கு இரண்டு பாறைகளிலிருந்தும் இறங்கலாம் என்று மாமா சொன்னார். அதனால் அவர் விழுந்து கிடந்த இடத்தை வைத்து ஒன்றையும் முடிவு செய்ய முடியவில்லை. அவர் முதலில் சொன்னது உண்மையா, எனக்காகச் சொன்னது உண்மையா? வீட்டுக்கு வந்த பிறகு கேட்டேன். ஒரு நாள் தெல்லபண்ட என்றார். இன்னொரு நாள் வெள்ளப்பாற என்றார். கட்டுப் போட்ட காலை நீட்டியபடி, “இப்ப அத்த வெச்சிக்கினு இன்னா பண்ணப்போற?” என்பார்.

ஆஸ்பத்திரிக்காரர்கள் போலீசில் ஒப்படைத்த துப்பாக்கி அந்தப் பக்கத்து ஸ்டேஷனிலேயே மாட்டிக்கொண்டது. லைசென்ஸ் சித்தூரில் கொடுத்தது, ஆள் கிடைத்தது மெட்ராஸ் எல்லைக்குள். ஆள் விழுந்தது எந்த ராஜ்யத்தில் என்று இங்கே ஒரு கடிதம் கேட்டார்கள், அங்கே ஒரு கடிதம் கேட்டார்கள். பன்றியைச் சுட்ட இடத்தில் கோடு எங்கே போகிறது என்று யாருக்கும் தெரியவில்லை. மாமா மூன்று முறை சித்தூருக்கும் நான்கு முறை திருத்தணிக்கும் போய்வந்த பிறகு, ஒரு நாள் ஒன்றும் கேட்காமல் கொடுத்துவிட்டார்கள். ஏன் கொடுத்தார்கள் என்பதும் தெரியவில்லை.

அவர் கால் சேர்ந்து, லேசாக இழுத்து இழுத்து நடக்கத் தொடங்கிய பிறகு, ஒரு காலையில் என்னையும் மலைக்குக் கூட்டிக்கொண்டு போகச் சொன்னேன். சிரித்தார், ஆனால் கூட்டிப்போனார். வெள்ளைப்பாறையைக் காட்டினார். அதில் வெள்ளை என்று ஒன்றும் எனக்குத் தெரியவில்லை. மழையில் கறுத்துப்போன பெரிய பாறை. முகட்டைத் தாண்டி தெல்லபண்டை. அது கொஞ்சம் சாம்பல் நிறம். பிறகு ஓடைப் பள்ளம். அவர் விழுந்த இடம் ஓர் ஆள் உயரம்கூட இல்லை. இதற்குள் ஒரு மனிதர் ஒரு பகலும் ஓர் இரவும் கிடந்தார், இதோ இந்தக் கல்லைத் தட்டினார் என்று நம்பக் கஷ்டமாக இருந்தது. கட்டுச்சோற்றை அங்கேயே பிரித்துச் சாப்பிட்டோம்.

“இப்பவாவது நெஜத்தச் சொல்லுங்க. அன்னிக்கு நீங்க இன்னா சொன்னீங்க?”

அவர் சோற்றை மென்றுகொண்டே யோசித்தார். நிஜமாகவே யோசித்தார் என்று முகத்தில் தெரிந்தது.

“ஞாபகம் இல்ல மே. ஆஸ்பத்திரில கண்ணு முழிச்சப்பவே இல்ல. நீ கேக்கச்சொல்லோ எல்லாம் வாய்க்கு வந்தத சொன்னேன்.”

எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்தது. நிம்மதியா, கோபமா என்று பிரித்துப் பார்க்க முடியவில்லை. அவர் பயந்துபோய் வேறு ஏதோ பேசினார். கை கழுவிவிட்டு இறங்கினோம். இறக்கத்தில் அவருக்குக் கால் வலித்தது. என் தோளைப் பிடித்துக்கொண்டு வந்தார்.

அடுத்த வாரமே அவர் மறுபடி முயலுக்குப் புறப்பட்டார். சொன்ன இடத்தை இரண்டு மொழியிலும் சொல்லச் சொன்னேன், சொன்னார். கையால் காட்டச் சொன்னேன், காட்டினார். அப்படியும் போதவில்லை. ஈரக் கையோடு கடலைக் கொல்லையின் கடைசி வரப்புவரை அவர் பின்னாலேயே போனேன். முள்ளுப் புதர்களுக்கு அப்பால் அவர் சட்டை மறையும்வரை நின்றேன். எந்தப் பக்கம் ஏறினார் என்று பார்த்தாயிற்று. அதற்கு அப்புறம் எந்தப் பக்கம் திரும்புவார் என்பது அங்கே நின்றாலும் தெரியப் போவதில்லை. இன்னும் கொஞ்சம் நிற்பதா, வீட்டுக்குப் போவதா என்று தெரியாமல் அங்கேயே நின்றுகொண்டிருந்தேன்.